மெதுவக்கா ஓடிய காலை

மருத்துவமனையின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் கூடத்துக்கும் நீராவி மெஷினுக்கும் நடுவில் எங்கள் அறை இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் விரிக்கிற துணிகளெல்லாம் இங்கேதான் மடித்து, மூட்டையாகக் கட்டி, கிருமி சாக நீராவியில் வைத்து மேலே அனுப்பப்படுகின்றன. அறைக்கு ஜன்னல் கிடையாது. அடியில் விளக்கு எரிகிற ஒரு கண்ணாடி மேசை உண்டு. அதன்மேல் துணியை விரித்தால் ஊசிமுனை அளவு ஓட்டைகூட வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். அந்த மேசையில் இருபத்திரண்டு வருஷம் குனிந்து நின்ற ஒருவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

கடவுளின் குணத்தை யாருடைய வாழ்க்கையில் பார்த்தீர்கள் என்று நம் சபை இதழில் மாதம் ஒருவர் எழுதுகிறார்கள். போதகர்களைப் பற்றியும் பெரிய ஊழியக்காரர்களைப் பற்றியும் எழுதியாகிவிட்டது. எனக்குப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தவர் இவர் ஒருவர்தான்.

மெதுவக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். பேச்சு மெது, நடை மெது, சாப்பிடுவது அதைவிட மெது. மதிய உணவு நேரத்தில் நாங்கள் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் அப்போதுதான் டப்பாவின் மூடியைத் திறந்திருப்பார். அதற்குள் நான்கு பேரிடம் "சாப்டாச்சா?" என்று கேட்டிருப்பார், தரை துடைக்கிற பெண்ணையும் சேர்த்து.

யாராவது தப்பாக மடித்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்த மாட்டார். தன் கையில் இருப்பதை வைத்துவிட்டு நடந்து வந்து, பக்கத்தில் நின்று, அந்தத் துணியை முழுக்க விரித்து, நம்மோடு சேர்ந்து மடிப்பார். துணியின் ஒரு மூலையை வெளிப்பக்கமாகத் திருப்பி விட வேண்டும். மேலே நர்ஸ் அந்த மூலையைப் பிடித்துத்தான் உள்பக்கம் கை படாமல் பிரிப்பார். எனக்கு அந்த மூலை ஒரு மாதம் வரவே இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இந்தக் கைவேலையும் வரவில்லையென்றால் இனி எங்கே போவது என்று பயமாக இருக்கும். அந்த ஒரு மாதமும் அக்கா நடந்து வந்தார். ஒரு தடவைகூட, "நேத்துதானே சொன்னேன்" என்று சொன்னதில்லை.

எங்கள் அறையில் மூத்தவர் கண்ணாடிக்காரம்மா. அவர் சும்மா இருப்பாரா?

"ஏம்மா மெது, நீ நடந்து வந்து சேர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாகி, பிள்ளையே பொறந்துடும்."

"பொறக்கட்டுமே. அதுக்கும் சேர்த்துத் துணி மடிச்சு வைப்போம்," என்பார் அக்கா.

அவர் வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு யாருக்கும் பிரசங்கம் செய்ததில்லை. ஒருமுறை பெண்கள் கூட்டத்தில் போதகர், "கடவுளோட குணம் உங்க வாழ்க்கையில எப்படித் தெரியுது?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆளுக்கு ஒன்று அழகாகச் சொன்னார்கள். அக்காவின் முறை வந்ததும் எழுந்து நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "எனக்குத் தெரியல ஐயா. கூட வேலை செய்யறவங்களைத்தான் கேக்கணும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று கேட்டதிலேயே சரியான பதில் அதுதான் என்று வீட்டுக்குப் போகிற வழியில்தான் எனக்கு உறைத்தது.

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் சைக்கிள் பழுதுபார்க்கிறவர், சாதுவான மனிதர். அவருக்கு ஒரே தங்கை. அந்தத் தங்கையின் கணவன் வேறொரு பெண்ணோடு போய்விட்டபோது, அவள் இரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டின் கீழ்த்தளத்துக்கு வந்து சேர்ந்தாள். அக்காதான் மேட்ரன் அம்மாவிடம் மூன்று முறை போய்க் கேட்டு அவளுக்கு எங்கள் அறையில் வேலை வாங்கித் தந்தார். வந்த மூன்றாம் நாளே அவளுக்கும் பெயர் வைத்துவிட்டோம். பட்டாசு.

பட்டாசு கெட்டவள் இல்லை. கை வேகம், வாய் அதைவிட வேகம். அவள் இருந்தால் அறை கலகலவென்று இருக்கும். "அண்ணி, நீங்க ஒரு துணியை மடிக்கிறதுக்குள்ள நான் ஒரு மூட்டையே கட்டிடுவேன்," என்பாள். கட்டியும் விடுவாள். ஆனால் அதை அக்கா பிரித்துப் பார்க்க வந்தால் மட்டும் ஆகாது. முகம் சிவந்துவிடும்.

"வீட்டுல எனக்கு மேல மாடியில இருக்கறது பத்தலையா? இங்கயும் என் தலை மேல ஏறி நிக்கணுமா?"

அப்படி ஒரு வார்த்தை அறையில் விழுந்தால் மாலையில் வீட்டில் அது பத்து வார்த்தையாகும். கீழ்த்தளத்துக் கதவு படாரென்று சாத்தப்படும். பிள்ளைகளை மாடிக்கு அனுப்ப மாட்டாள். அந்தப் பிள்ளைகள் மாடிக்கு வராத நாட்களில் அக்காவின் கணவர் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அக்கா கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டாசின் மேசைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார். எங்கள் எல்லோருடைய மூட்டைகளையும் பார்ப்பார். அவளுடையதைத் தாண்டிப் போய்விடுவார். எனக்குப் பேச வராது, பார்க்க வரும். ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பொறுமை இந்த அக்காவுக்கு என்றுதான் நானும் நினைத்தேன்.

நடந்ததைச் சொல்லுமுன் எங்கள் வேலையில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூட்டையின் மேல் ஒட்டுகிற டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும். நீராவி பட்டதும் கறுத்துவிடும். ஆனால் வெளியே நீராவி பட்டது என்று மட்டும்தான் அது சொல்லும். உள்ளேயும் பட்டதா என்று பார்க்க ஒவ்வொரு லோடிலும், அதாவது மெஷினில் ஒரு தடவை வைக்கிற மூட்டைகளில், நடு மூட்டையின் நடு மடிப்பில் ஒரு சின்னச் சீட்டு வைப்போம். மெஷின் முழு நேரமும் ஓடினால்தான் அந்தச் சீட்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கறுக்கும். லோடு வெளியே வந்ததும் அந்த மூட்டையைப் பிரித்து, சீட்டை எடுத்து, லோடுப் புத்தகத்தில் அதற்கான கட்டத்தில் ஒட்ட வேண்டும். எங்கள் பொறுப்பாளரான அக்கா அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மூட்டைகள் மேலே போகும். கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். அக்காவுக்கு முன்பு பொறுப்பாளராக இருந்தவர் அப்படி ஒரு கையெழுத்தால்தான் வேலையை இழந்தார்.

அன்று பிற்பகல் மூன்றரை மணி. பட்டாசின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்கிறார்கள் என்று அவள் காலையிலிருந்தே காலில் சக்கரம் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய நாலாவது லோடு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் குறைந்து சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் பாதியில் நின்றுவிட்டது. நின்றால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

பட்டாசு கதவைத் திறந்தாள். டேப் கறுத்திருந்தது. "அதான் கறுத்துடுச்சே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பன்னிரண்டு மூட்டைகளையும் தள்ளுவண்டியில் அடுக்கினாள். நடு மூட்டையைப் பிரிக்கவில்லை. அவசரத்தில் சீட்டை உள்ளே வைக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் கண்ணாடி மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ஆனாலும் குனிந்து கையிலிருந்த துணியைத்தான் மடித்தேன்.

"அண்ணி, சீட்டை நாளைக்கு ஒட்டிடறேன். பிள்ளை காத்துக்கிட்டு இருப்பா."

அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். புத்தகத்தின் கட்டத்தைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் நான் அறை வாசலில் நின்றேன். அக்கா சாவிக்கொத்தோடு வந்தார்.

"என்னம்மா, இவ்வளவு சீக்கிரம்? வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"அக்கா, நேத்து நாலாவது லோடு... பாதியில நின்னுடுச்சு. திரும்ப ஓட்டல. நான் பார்த்தேன். நேத்தே சொல்லியிருக்கணும்."

ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்கவில்லை. கதவைத் திறந்து நேராகப் புத்தகத்திடம் போனார். வெறும் கட்டம். அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் நின்றிருப்பார். தியேட்டருக்குப் போன் செய்தார். யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், லைன் கிடைக்கவில்லை. போனை வைத்தார். முதல் ஆபரேஷன் எட்டு மணிக்கு. அதற்குத் துணி விரிக்கிறது ஏழரைக்கு.

மெதுவக்கா ஓடினார்.

லிஃப்டில் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா படிக்கட்டில் ஏறினார். நான்கு மாடி. செருப்பை முதல் திருப்பத்திலேயே கழற்றி எறிந்துவிட்டார். என்னால் பின்னால் ஓட முடியவில்லை. தியேட்டர் வாசலில் நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா அலமாரியிலிருந்து மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தேதியையும் லோடு எண்ணையும் பார்த்துத் தரையில் வைத்துக்கொண்டிருந்தார். பத்து இருந்தன. பதினோராவது ட்ராலியின் மேல் இருந்தது. வெளிச் சுற்று பிரித்தாகிவிட்டது. "இப்ப வந்து எடுத்தா நான் எதை விரிக்கிறது?" என்று நர்ஸ் கத்தினார். "வேற லோடு இருக்கு சிஸ்டர், இதோ, இது நல்லது," என்று இன்னொன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார் அக்கா.

பன்னிரண்டாவது இல்லை.

"அதைப் பிரசவ வார்டுக்குக் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க," என்றார் நர்ஸ்.

பிரசவ வார்டு ஒரு மாடி கீழே. திரையை விலக்கியபோது ஒரு பெண் பல்லைக் கடித்து முனகிக்கொண்டிருந்தாள். நர்ஸின் விரல் டேப்பின் நுனியைக் கிழிக்க ஆரம்பித்திருந்தது.

"அதைப் பிரிக்காதீங்க!"

இத்தனை வருஷத்தில் அக்காவின் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. அந்த முனகலே ஒரு நொடி நின்றுவிட்டது. நர்ஸ் திகைத்துப்போய் மூட்டையை நீட்டினார். அக்கா அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது. "நன்றி ஆண்டவரே. நன்றி ஆண்டவரே," என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். வேறு எதுவும் அவர் வாயில் வரவில்லை.

பன்னிரண்டு மூட்டைகளோடும் நாங்கள் கீழே வந்தபோது பட்டாசு அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தாள். தள்ளுவண்டியைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாயில்லாப் பூச்சி வாயைத் தொறந்துடுச்சா?"

"அவளை விடு," என்றார் அக்கா. "அவ சொன்னதாலதான் மேல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகலல்ல? அப்புறம் என்ன? பன்னெண்டும் திரும்பி வந்துடுச்சு. நான் இப்பவே உக்காந்து ஓட்டிடறேன். இதோட விட்டுடுங்க அண்ணி."

அக்கா லோடுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துப் பின்னோக்கிப் புரட்டினார். பட்டாசின் லோடுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறு மாதப் பக்கங்கள். சீட்டுகள் கோணல்மாணலாக ஒட்டியிருந்தாலும் எல்லாம் முழுக்கக் கறுத்திருந்தன.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் அக்கா. "ஆனா இதையெல்லாம் நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். எங்கே போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பட்டாசு வாசலை மறித்து நின்றாள். அவள் குரலில் வெடிப்பு இல்லை. அதுவரை நான் பார்க்காத பட்டாசு அது.

"அண்ணி, வேலை போயிடும். ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? உங்களுக்கும்தான் போகும். யாரும் கேக்காம நீங்களே போய் எதுக்கு மாட்டிக்கிறீங்க?"

"கேக்கறதுக்கு முன்னாடி சொன்னாத்தானே அது சொல்றது."

"ஞாயித்துக்கிழமை ஆனா மன்னிப்பு, மன்னிப்புன்னு பாடறோமே. அதெல்லாம் எனக்குக் கிடையாதா?"

"உன்னை மன்னிச்சாச்சு, தாயீ. அது படிக்கட்டு ஏறும்போதே முடிஞ்சுபோச்சு. மேட்ரனைப் பார்க்கப் போறது வேற." அக்கா அவள் தோளைத் தொட்டார். அவள் உதறினாள். "உன்னை மாட்டிவிட நான் போகல. என்னைச் சொல்லத்தான் போறேன். உன்னைச் சொல்லாம என்னைச் சொல்ல முடியல."

என் பக்கம் திரும்பி, "நீ பார்த்ததை நீயே வந்து சொல்றியாம்மா? கட்டாயம் இல்ல," என்றார். நான் கூடவே போனேன்.

மேட்ரன் அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பவர். கண்களை இமைக்கவே மாட்டார். நான் நான்கு வாக்கியம் பேசினேன். அதற்கே எனக்கு வியர்த்துவிட்டது. பட்டாசு, "ஆமா, நான்தான் எடுத்தேன். தப்புதான்," என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். பிறகு அக்கா புத்தகத்தை மேசைமேல் வைத்துத் திறந்து, தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"அம்மா, இவ செஞ்சது நேத்து ஒருநாள் தப்பு. நான் செஞ்சது ஆறு மாசத் தப்பு. இவளோட லோடை நான் பார்க்கறதே இல்ல. பார்த்தா சண்டை வரும். வீட்டுல இவ அண்ணன் முகம் வாடிப்போகும். அதனால கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதைப் பொறுமைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஜெபத்துலகூட, இவளைப் பொறுத்துக்கிட்டுப் போறேன் ஆண்டவரேன்னு பெருமையாச் சொல்லியிருக்கேன். அது பொறுமை இல்லம்மா, பயம். மேல பிரசவத்துக்குப் படுத்திருந்தாளே ஒரு பொண்ணு, அவ வயித்துல அந்தத் துணியைப் போட்டிருந்தா என் பயத்தைத்தான் போட்டிருப்பாங்க."

அதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ விழுந்து உடைந்த மாதிரி இருந்தது. எந்தப் பொறுமையை நான் ஆறு மாதம் வியந்துகொண்டிருந்தேனோ அதையே அவர் தப்பு என்கிறார். தன்னைப் பற்றி இவ்வளவு நேராகப் பேச முடிகிறவர், அதைக் கேட்கிறவர் தன்னைத் தள்ளிவிட மாட்டார் என்று எங்கேயோ நிச்சயமாகத் தெரிந்துகொண்டவராகத்தான் இருக்க வேண்டும். அந்த நிச்சயம் மேட்ரன் அம்மாவிடமிருந்து வந்ததில்லை. அவர் முகத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

"இப்ப என்ன கேக்கறே? அதையும் சொல்லிடு," என்றார் மேட்ரன் அம்மா.

"இவளை வேலையை விட்டு அனுப்பாதீங்க. நல்ல கைவேலைக்காரி. சரியாச் சொல்லிக் கொடுத்தா எங்க எல்லாரையும்விட நல்லாச் செய்வா. யாரும் சொல்லிக் கொடுக்கல. நான் கூட நின்னு சொல்லிக் கொடுக்கறேன்."

"சொந்தம்னு கேக்கறியா?"

"சொந்தம்னு பார்த்துத்தான் கெட்டுப்போச்சு. இப்ப வேலைக்காரின்னு பார்த்துக் கேக்கறேன்."

மேட்ரன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைத்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. தீர்ப்பு மதியம் வந்தது. பட்டாசுக்கு மூன்று வாரம் வேலை கிடையாது. திரும்பி வந்தபின் மூன்று மாதம் பயிற்சி, அதை அக்காவே கூட இருந்து கொடுக்க வேண்டும். அக்கா இனிப் பொறுப்பாளர் இல்லை, சாதாரண மடிப்பு மேசைக்குப் போக வேண்டும். வார்டிலிருந்து வேறொருவர் பொறுப்பாளராக வருவார்.

கண்ணாடிக்காரம்மா மூக்கைச் சிந்தினார். "இருபத்திரண்டு வருஷம். ஒரு சீட்டுல போச்சு."

"வேலை போகல அக்கா. நாற்காலிதான் போச்சு," என்றார் மெதுவக்கா. "அதுல நான் என்னிக்கு உக்காந்தேன்?"

அந்த மூன்று வாரம் அக்காவுக்கு எப்படிப் போனது என்பதில் பாதியை நான் என் கண்ணால் பார்த்தேன். சபையில் சிலர் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. "நாத்தனாரையே காட்டிக்கொடுத்தவ," என்று ஒருத்தி என் காதில் படும்படியே சொன்னாள். அக்காவின் காதிலும் விழுந்தது. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அவளுக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மீதிப் பாதியைப் பிறகு பட்டாசே, இரண்டு பேர் மாதிரியும் நடித்து, டீ வேளையில் எங்களுக்குச் சொல்லிக் காட்டினாள்.

முதல் வாரம் அவள் கீழ்த்தளத்துக் கதவைத் திறக்கவில்லை. அக்கா தினமும் சமைத்ததில் ஒரு பங்கை ஒரு பாத்திரத்தில் போட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார். மாலையில் அது தொடாமல் அப்படியே இருக்கும். ஒரு தடவைகூட அக்கா அதைப் பற்றிப் பேசவில்லை. நான்காம் நாள் பிள்ளைகள் திருட்டுத்தனமாக எடுத்துச் சாப்பிட்டுவிட்டன. ஐந்தாம் நாள் பாத்திரம் கழுவி வைத்திருந்தது.

இரண்டாவது வாரம் அக்கா கீழே இறங்கி வந்து கதவைத் தட்டினார். பட்டாசு, பிரசங்கம் வரப்போகிறது என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தயாராக நின்றாளாம்.

"உன்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்," என்றார் அக்கா.

"எதுக்கு? மேட்ரன்கிட்ட சொன்னதுக்கா?"

"அதுக்கு இல்ல. அது சரிதான். ஆறு மாசமா உன்னைத் தாண்டித் தாண்டிப் போனேனே, அதுக்கு. எல்லாரோட பக்கத்துலயும் நின்னேன், உன் பக்கத்துல நிக்கல. நின்னிருந்தா அன்னிக்கு நீ மெஷின் கதவைப் பாதியில தொறந்திருக்க மாட்டே. உனக்கு நான் செஞ்ச தப்பு அது."

பட்டாசு இடுப்பிலிருந்து கையை எடுத்தாளாம். "அண்ணி, இதுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது? ஒரு வாரமா ராவா பகலா யோசிச்சு நல்ல நல்ல வார்த்தையா சேர்த்து வெச்சிருந்தேன். ஒண்ணுக்கும் உதவாம பண்ணிட்டீங்களே!" என்று சொல்லிவிட்டு அழுதாளாம். இதைச் சொல்லிக் காட்டியபோதும் அழுதாள். கண்ணாடிக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வீட்டு வாசலில் அழுவது வேறு, வேலை மேசையில் நிற்பது வேறு. அக்காவுக்கும் அது இருந்திருக்கும். ஒருவரிடம் உண்மையைச் சொல்லியும் அவரை இழக்காமல் இருக்க முடியுமா என்பதுதானே அத்தனைக்கும் அடியில் இருந்த கேள்வி.

மூன்று வாரம் முடிந்து பட்டாசு வந்தாள். யாரோடும் அதிகம் பேசவில்லை. அக்கா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள். அக்கா ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பிரித்துக் காட்டினார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்துப் பிரித்து மடித்தாள். மாலையில் அவளுடைய முதல் லோடு வெளியே வந்தது. நடு மூட்டையைப் பிரித்து, நடு மடிப்பிலிருந்து சீட்டை எடுத்தாள். புதிய பொறுப்பாளரிடம் போகவில்லை. நேராக அக்காவிடம் வந்து நீட்டினாள்.

"பாருங்க."

"நான் இல்லம்மா இப்ப, அவங்கதான் பார்க்கணும்."

"அவங்க பார்ப்பாங்க. முதல்ல நீங்க பாருங்க."

மணி நாலே கால். எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரம். அக்கா சீட்டை வாங்கிக் கண்ணாடி மேசையின் வெளிச்சத்தில் வைத்தார். குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுங்கள் அக்கா, முதல் நாள் அல்லவா என்று என் மனசு கெஞ்சியது.

"இந்த ஓரம் வெளுத்திருக்கு," என்றார் அக்கா, அவள் முகத்தை நேராகப் பார்த்து. "மூட்டையை ரொம்ப நெருக்கி அடுக்கிட்டே. ஆவி உள்ள போகல. திரும்ப ஓட்டணும்."

பட்டாசு சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள்.

"ஆமா, வெளுத்துத்தான் இருக்கு," என்றாள். "உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது அண்ணி. இத்தனை நாள் அதை எங்க வெச்சிருந்தீங்க?"

"பயந்து மூடி வெச்சிருந்தேன்."

முதலில் சிரித்தது பட்டாசுதான். பிறகு அறையே சிரித்தது. புதிய பொறுப்பாளர் என்னவென்று புரியாமல் எங்களைப் பார்த்தார். பட்டாசு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "எனக்குன்னு வாய்ச்சாங்களே ஒரு அண்ணி," என்று முணுமுணுத்தபடியே மூட்டைகளை மெஷினுக்குள் திரும்ப அடுக்கத் தொடங்கினாள். இந்த முறை இடைவெளி விட்டு அடுக்கினாள். அக்கா எழுந்து போய், தள்ளுவண்டியின் மறுபக்கம் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

அந்த லோடு முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நானும் இருந்தேன். மூவரும் ஒன்றாகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். எப்போதும் நான்கு அடி முன்னால் நடக்கிற பட்டாசு, அன்று அக்காவின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, மகள் வாங்கின பரிசைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். அக்கா கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஒரு அடி பின்னால், வாயைத் திறக்காமல், இவர்கள் இருவரோடும் ஒரே அறையில் வேலை கொடுத்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு நடந்தேன்.